தணிகையிலிருந்து ஒரு சொல்

உங்கள் ஸ்டேஷன் காப்பியில் சிக்கரி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் ஐயா. குறையாகச் சொல்லவில்லை. என் அண்ணா நீலமேகம் மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர். அவர் வீட்டுக் காப்பியில் வளர்ந்த நாக்கு எங்கே போனாலும் குற்றம் கண்டுபிடிக்கும். ஆறுவதற்குள் குடித்துவிடுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதட்டும். ஆனால் சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். என் பேரையே 'சேசகிரி' என்று போட்டிருக்கிறார். எதிரில் உட்கார்ந்து தலைகீழாகப் படித்தாலும் எனக்கு அது தெரிகிறது. நடுவில் வருவது ஷ. அடித்துத் திருத்தட்டும், அவசரமில்லை. இந்த வழக்கே ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு என்பதால் சொல்கிறேன்.

துளசிங்கத்தை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன். போஸ்ட் ஆபீசில் டெலிபோனுக்குக் காவலாக இருந்தவனைப் போன வாரத்திலிருந்து லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். அவன் பெண்டாட்டி மணியம்மை வாசலில் வேப்பமரத்தடியில் குந்தியிருக்கிறாள். நான் உள்ளே வரும்போது "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி, அவர விட்டுடுவாங்க" என்று காலில் விழப் பார்த்தாள். அவளுக்காக நான் வரவில்லை. ஒரு விமானம் விழுந்து ஆறு பேர் போன காரியத்தைத் துளசிங்கம் செய்தான் என்று ஊர் நம்புகிறது. தபால் தலையை நேராக ஒட்டத் தெரியாதவன் அவன். அதை என்னால் சகிக்க முடியவில்லை.

நீங்கள் ஊருக்குப் புதிது. திருத்தணியை ஆந்திராவோடு சேர்த்த பிறகு வந்தவர். அதனால் எங்கள் வானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆடி, ஆவணி மாதங்களில் மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் கண்ணயரும் நேரத்துக்கு வடமேற்கே நகரி மலைக்குப் பின்னாலிருந்து மேகம் எழும்பும். முதலில் வெள்ளையாகப் பொங்கும். பிறகு தலை தட்டையாகி அடி கறுக்கும். அது கிழக்கே நகர ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் பட்டணத்தில் இடி இடிக்கும். பாசஞ்சர் ரயிலுக்கு முன்னால் போய்விடும். பட்டணத்தில் வாடகைக்கு விமானம் விடும் ஒரு சின்னக் கம்பெனி இதைத் தெரிந்துகொண்டது. பேர் உங்கள் காகிதத்தில் இருக்கிறது, நான் சொல்லி அதற்கு விளம்பரம் தேட வேண்டாம். மலைமேல் நின்று மேகத்தைப் பார்த்துக் கீழே போஸ்ட் ஆபீஸ் டெலிபோனில் சொல்ல அவர்களுக்கு ஒரு படித்த ஆள் வேண்டியிருந்தது. நான் இன்டர்மீடியட் தேறியவன். எங்கள் குடும்பத்தில் கரண்டி பிடிக்காத முதல் ஆள்.

விமானத்துக்கு மழை ஒன்றும் பெரிய எதிரி இல்லை. ஊரார் மின்னலைச் சொல்வார்கள், அதுவும் இல்லை. மேகத்தின் அடிவயிற்றிலிருந்து குளிர்ந்த காற்று கீழே விழும். குடத்து நீரைத் தரையில் கவிழ்த்தால் நாலாபக்கமும் ஓடுகிறதல்லவா, அப்படி அந்தக் காற்று மழைக்கு முன்னாலேயே ஓடி வரும். விமானம் எதிர்க்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிற ஜந்து. ஏறுகிற சமயத்தில் அந்தக் காற்று புரண்டு முதுகுப்பக்கம் வந்துவிட்டால், ஏணியில் ஏறுகிறவன் காலுக்குக் கீழே ஏணியை உருவினது போல. தரையில் இருந்தால் ஒன்றுமில்லை. மேலே போய்விட்டாலும் சுற்றிக்கொண்டு போகலாம். கிளம்பும் அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆபத்து. அதனால்தான் யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்த மணி நான்.

டெலிபோனில் எப்படிப் பேச வேண்டும் என்று கம்பெனி ஒரு விதி வைத்திருந்தது. லைனில் இரைச்சல் அதிகம், நீட்டி முழக்கினால் பாதி காணாமல் போகும். ஆகவே முதலில் இடத்தின் பேர், அடுத்து நிலைமைக்கு ஒரு சொல். மேகம் கிளம்பினால் 'எழும்பிடுச்சு'. பட்டணம் பக்கம் வந்தால் 'நகருது'. கலைந்து போனால் 'தணிஞ்சிடுச்சு'. எழும்பிடுச்சு என்றால் விமானம் காத்திருக்கும். நகருது என்றால் அன்றைக்குக் கிளம்பாது. தணிஞ்சிடுச்சு என்றால் புறப்படலாம். இடத்தின் பேராக 'தணிகை' என்று வைத்தது நான். திருத்தணி என்று இவர்கள் வாயில் போட்டு மெல்லுவதை என் காது தாங்காது.

என் உச்சரிப்பைப் பற்றி ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். வந்துகினு, போய்கினு என்று என் வாயில் வராது. முக்கியமாக 'ஆங்' வராது. இந்த ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் ஆங் என்பார்கள். சாப்பிட்டாயா என்றால் ஆங். அப்பா செத்துப்போனாரா என்றால் அதற்கும் ஆங். மாடு கனைக்கிறதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. நான் ஆமாம் என்பேன், அல்லது இல்லை என்பேன்.

இப்போது ராஜமாணிக்கம். விமான மைதானத்தில் கம்பெனியின் டெலிபோனை எடுக்கிறவன். பட்டணத்து ஆள், வாய் மட்டும் வாடகை இல்லாமல் ஓடும். மேகம் எழும்பினால் நான் சொல்வேன், அவர்கள் விமானத்தை நிறுத்தி வைப்பார்கள். சில நாள் அது பாதி வழியில் கரைந்துவிடும். மேகம் எனக்கு மாமனா மச்சானா, சொன்ன சொல்லைக் காப்பாற்ற? ஆனால் ராஜமாணிக்கத்துக்கு அது பெரிய வேடிக்கை. ஒருநாள் டெலிபோனில், "இன்னா சார், இன்னிக்கும் புஸ்வாணமா?" என்றான். அவன் பின்னால் நாலு பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. விமானி கஜபதியின் சிரிப்பும் அதில் இருந்தது. பெரிய குரல் அவருக்கு.

அதோடு போயிருந்தால் சரி. சித்திரையில் ராஜமாணிக்கம் தன் பிள்ளைக்கு மொட்டை போட இங்கே வந்தான். அடிவாரத்தில் பூக்கடை, தேங்காய்க் கடை, மொட்டை போடுகிறவர் வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து நான் புஸ்வாணம் சேஷகிரி. மலை ஏறும்போது, "சாமி, இன்னிக்கு வெடிக்குமா, இல்ல புஸ்ஸுங்களா?" என்று கேட்பார்கள். கேட்கிறவன் யார் என்று பார்த்தால் வெற்றிலை மென்றுகொண்டு ஒரு தேங்காய்க் கடைக்காரன் நிற்பான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? ராஜமாணிக்கத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்கிறீர்கள். இல்லை. கொசுவின் மேல் யாராவது கோபப்படுவார்களா?

அண்ணாதான் ஒருநாள் சொன்னார். "சேஷு, தணிகையில பொறந்துட்டு இப்படிக் கோபத்தை அடை காக்கறயேடா. சூரனை முடிச்ச கோபத்தையே சுவாமி இங்க வந்துதான் விட்டார். அதனாலதான் ஊருக்கே இந்தப் பேர். நீயும் விட்டுடுடா."

"சுவாமிக்கு யாரும் பட்டப்பேர் வைக்கலையே, அண்ணா" என்றேன். அவர் புளியோதரையைக் கிளறப் போய்விட்டார். நல்லவர். நல்லவர்களோடு பேசுவது சுவரோடு பேசுவது மாதிரி.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குச் சாதகமானது. ஆனி மாதம் ஒருநாள் நான் 'தணிகை' என்று ஆரம்பித்ததுமே லைன் இரைந்தது. ராஜமாணிக்கம் அதைத் 'தணிஞ்சிடுச்சு' என்று எடுத்துக்கொண்டு விமானத்தைக் கிளப்பச் சொல்லிவிட்டான். நான் தொண்டை கிழியக் கத்தி நிறுத்தினேன். பிறகு, இரண்டு சொல்லும் காதில் ஒன்றுபோல விழுகிறது, இடத்தின் பேரை மாற்றிவிடலாம் என்று நானே சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ஊர் பேர மாத்தணும்னா முருகனுக்குத்தான் சார் மனு போடணும். தணிகைன்னா தணிஞ்சிடும்னுதானே அர்த்தம், சரியாத்தானே கீது." மறுபடி சிரிப்பு. நான் மாற்றவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று, அந்தக் காதுக்குள் என்ன போட்டால் என்னவாக வெளியே வரும் என்று.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். காவடிக் கூட்டம் இன்னும் வடியவில்லை. காலையில் மடைப்பள்ளிப் பக்கம் போனேன். அண்ணா ஒரு குடும்பத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். பங்களூர்க்காரர்கள். கம்பெனியின் விமானத்தைப் பிடித்துப் பட்டணம் வந்து, அங்கிருந்து காரில் வேண்டுதல் செலுத்த வந்தவர்கள். அன்று சாயங்காலமே அதே விமானத்தில் திரும்புகிறார்கள். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள். அந்த அம்மாள் பேர் சாரதாம்பாள். அண்ணா வெள்ளந்தியாக, "இவன் என் தம்பி. உங்க ஏரோப்ளேனுக்கு மழை பார்த்துச் சொல்றவன் இவன்தான்" என்றார்.

"ஐயோ, நீங்கதானா அந்தப் புஸ்வாணம்?" என்றாள் அவள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க, கேப்டன் வர வழியெல்லாம் சொல்லிச் சிரிச்சுண்டே வந்தார், வாய் தவறிடுத்து." ஆனால் பொத்திய கைக்குப் பின்னால் சிரிப்பு அடங்கவில்லை. சின்னப் பெண்ணுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. புஸ்வாணம், புஸ்வாணம் என்று தூணைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். அண்ணாகூடச் சிரித்தார்.

அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. தன் இலையிலிருந்த முந்திரிப்பருப்பு நிறைந்த பொங்கலை எடுத்து எனக்குக் கொடுத்தாள். "சாயங்காலம் மழை வருமா? சின்னவளுக்கு இடின்னா உயிரே போயிடும். நடுங்கிப் போயிடுவா" என்றாள்.

"நான் சொல்லாமல் உங்கள் விமானம் கிளம்பாது அம்மா. தைரியமாகப் போங்கள்" என்றேன். அது சத்தியமான வார்த்தை. பொங்கலையும் சாப்பிட்டேன். நெய் சரியாக இருந்தது. அப்போது என் மனசில் ஒன்றும் இல்லை. ரைட்டர் எழுதிக்கொண்டாரா? ஒன்றும் இல்லை.

மத்தியானம் நகரிக்குப் பின்னால் மேகம் எழும்பிற்று. அந்த ஆடியில் அதைப் போல ஒன்றை நான் பார்க்கவில்லை. கீழே இறங்கி போஸ்ட் ஆபீசில் அவசரக் கால் போட்டேன். 'தணிகை. எழும்பிடுச்சு.' விதிப்படி. விமானத்தை நிறுத்தினார்கள். மறுபடி மலை ஏறிப் பார்த்தேன். மேகம் ஊருக்கு வடக்கே ஒதுங்கி, அடி முழுக்கக் கறுத்துக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஊரில் ஒரு பொட்டு விழவில்லை. திருவள்ளூர்ப் பக்கம் வானம் வெட்டி வெட்டி எரிந்தது. அது தணிகிற மேகமில்லை, குருடன்கூடச் சொல்லுவான். படியில் இறங்கும்போது தேங்காய்க் கடைக்காரன் மேலே பார்த்துவிட்டு, "இன்னா சாமி, வடக்கால போய்ட்ச்சே. இன்னிக்கும் புஸ்ஸுதானா?" என்றான்.

நான் போஸ்ட் ஆபீசுக்குள் நுழையவும் டெலிபோன் அடிக்கவும் சரியாக இருந்தது. துளசிங்கம் எடுத்து, "ஆங், சாமி வந்துகினு கீறாரு, ஆங், இதோ" என்று என்னிடம் நீட்டினான். ராஜமாணிக்கம்தான். "இன்னா சார் புஸ்வாணம், தணிஞ்சிடுச்சா?"

நான் 'தணிகை' என்றேன்.

விதியைப் பாருங்கள். முதலில் இடத்தின் பேர். நான் இடத்தின் பேரைச் சொன்னேன். நான் பிறந்த ஊர், என் சுவாமியின் மலை. அதைச் சொல்வது குற்றம் என்று உங்கள் சட்டத்தில் இருந்தால் காட்டுங்கள். அதை அவன் என்னவாகக் கேட்டான் என்பது அவன் காதைப் பொறுத்தது. லைன் ஓய்ந்தது. நான் வாசலில் வந்து நின்று கிழக்கே பார்த்தேன். துளசிங்கம் பின்னாலேயே வந்து, "இன்னொரு கால் போடணுங்களா சாமி? பெரிசா இடிச்சிகினு போவுதே" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். காற்று சில்லென்று இருந்தது. இரண்டாம் நாள் தெப்பத்துக்குச் சரவணப் பொய்கையில் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மேற்கே இருட்டியிருந்தது, ஆனாலும் தணிகையிலிருந்து தகவல் வந்துவிட்டது என்று கஜபதி கிளப்பினார். பனைமரத்து உயரம் ஏறுவதற்குள் காற்று புரண்டது. விமானம் மைதானத்துக்கு அப்பால் ஏரிக்கரையில் விழுந்தது. கஜபதி, அவருடைய உதவி விமானி, அந்த நாலு பேர். சின்னப் பெண் இடியைக் கேட்டிருக்க நேரமில்லை என்று டாக்டர் சொன்னாராம். மழை அதற்குப் பிறகுதான் வந்தது. நான் சொன்னேன் அல்லவா, மழை எதிரி இல்லை.

விசாரணைக்குப் பட்டணத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூக்குக்கண்ணாடி இருந்தது, மூளை எந்தப் பெட்டியில் வைத்திருந்தார்களோ. ராஜமாணிக்கத்தையும் கூட்டிவந்தார்கள். ஆள் பாதியாகிவிட்டான். அழுதான். "தணிஞ்சிடுச்சுன்னு கேட்டுச்சுங்க. அப்பால அனுப்பலாமான்னு கேட்டேன். ஆங்னு சொன்னாங்க" என்றான். அதைச் சொன்னது சேஷகிரியா என்று கேட்டார்கள். அதற்கு அவன், "சேஷகிரி சாரு ஆங்னு சொல்லவே மாட்டாருங்க. அவரு பேசுனா ரேடியோல பேசுறாப்ல இருக்கும். நாங்க கிண்டல் பண்ணுவோம், ஆனா அவரு வார்த்தைய நம்பித்தாங்க பிளேனே ஓடிச்சு. அது அவரு இல்லீங்க" என்றான்.

என்னைக் கேட்டார்கள். இடத்தின் பேரைச் சொன்னேன், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன் என்றேன். இரண்டும் நடந்தவை. எதற்குப் பின் எது என்று அவர்கள் கேட்கவில்லை. பேரைச் சொல்லிவிட்டு டெலிபோனை மேஜைமேல் வைத்தீர்களாக்கும், அதற்குள் இந்த ஆள் எடுத்து உளறிவிட்டான் என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள். துளசிங்கத்தை எதிரே நிறுத்திக் கேட்டார்கள். டெலிபோனைத் தொட்டாயா? ஆங். பேசினாயா? ஆங். அனுப்பலாமா என்று கேட்டதற்கு ஆங் என்றாயா? ஆங் சாமி. அவனுக்கு ஆங் என்றால் 'காதில் விழுந்தது' என்று அர்த்தம். அதை நீங்கள் தெலுங்கில் எழுதினீர்களோ, அவர்கள் இங்கிலீஷில் எழுதினார்களோ, ஒப்புக்கொண்டான் என்று ஆகிவிட்டது. இங்கே லாக்கப்பிலும் நீங்கள் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பீர்கள். கேள்விக்கு அடியும் சேர்ந்தால் ஆங் இன்னும் சத்தமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போதே ஏன் வாயைத் திறக்கவில்லை என்பீர்கள். எனக்கு என்ன அவசரம்? ஊர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. பாவம், சாமி சரியாத்தான் சொல்லியிருப்பாரு, இந்தக் கூறு கெட்டவன் கெடுத்துட்டான் என்றார்கள். பூக்காரி கும்பிட்டாள். சில நாள் அது இதமாகத்தான் இருந்தது.

முந்தாநாள் காலை படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். தேங்காய்க் கடைக்காரன் யாரோ வெளியூர்க்காரனிடம் என்னைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "பிளேன வுழ வெச்சது துளசிங்கம்பா. ஒரே ஒரு ஆங், ஆறு பேர் காலி. இவரு எப்பவும் போல புஸ்வாணம்."

அன்றைக்குத்தான் எனக்கு நியாயம் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. ஒரு நிரபராதி உள்ளே கிடக்கிறான், நான் வெளியே உலாத்துகிறேன், இது தர்மமா என்று என் மனசாட்சி கேட்டது. ரைட்டர் ஏன் எழுதாமல் பார்க்கிறார்? மனசாட்சி என்று எழுதுங்கள்.

சரி. டெலிபோனில் நடந்ததைக் கொஞ்சம் சுருக்கிச் சொல்லிவிட்டேன். லைன் உடனே ஓயவில்லை. நான் தணிகை என்றதும் ராஜமாணிக்கம், "இன்னா சார், சரியா கேக்கல, இன்னொரு தபா சொல்லு" என்றான். மறுபடியும் தணிகை என்றேன். அதே சொல், நிறுத்தி, தெளிவாக. அன்றைக்கு லைனில் அப்படி ஒன்றும் இரைச்சல் இல்லை.

அவனுக்குச் சந்தேகம் போகவில்லை. பட்டப்பேரை விட்டுவிட்டான். குரலே மாறிவிட்டது. "சேஷகிரி சார், இங்க மேக்கால இருட்டிகினு வருது. கேப்டன் கத்துறாரு. புள்ளைங்க ஏறி உக்காந்துகினு இருக்கு, சின்னது உன் பேர சொல்லிச் சொல்லி வெளையாடுது. நீ சொன்னாதான் சார் அனுப்புவேன். அனுப்பிடட்டா?"

நீ சொன்னால்தான் என்றான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஆள் சிரிக்காமல் என்னிடம் ஒன்று கேட்டான். சின்னது என்ன பேரைச் சொல்லி விளையாடுகிறது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு சொல் போதும் என்பதும் தெரியும். சொன்னால் விமானம் நிற்கும். பட்டணத்தில் இடி இடிக்கும். நல்லவேளை, தப்பித்தோம் என்பார்கள். மறுநாள் வேறு மேகம் எழும்பும், அது கரையும், நான் மறுபடி புஸ்வாணம். மணி எத்தனை அடித்தாலும் ஒருமுறையாவது யானை வந்தால்தானே மணிக்கு மரியாதை?

ஆமாம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். நான் பொய் சொல்கிறவன் இல்லை. என் நாக்கில் இல்லாத ஒரு சத்தம், எனக்குச் சொல்லே அல்லாத ஒன்று, அந்த அறையில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒன்று. துளசிங்கம் கோந்து டப்பாவை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தான். அவன் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அதை அவனைவிட நன்றாகவே என்னால் சொல்ல முடிந்தது. டெலிபோனை வைத்த பிறகு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சாமியும் நம்மளாட்டம் பேசுதே என்று சந்தோஷப்பட்டான் போலிருக்கிறது. அதைக்கூட அவன் விசாரணையில் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவன் மூளை.

காப்பி ஆறிவிட்டது, இனி குடிக்க முடியாது. அண்ணாவுக்குச் சொல்லி அனுப்புங்கள், அவர் தாங்கமாட்டார், மெதுவாகச் சொல்லுங்கள். கோபத்தில் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. என் கோபத்துக்கு ஆளாவதற்கும் ஒரு தகுதி வேண்டும், அது இந்த ஊரில் யாருக்கும் கிடையாது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். இவ்வளவு நேரம் 'நீங்கள்' என்று பேசினவர், இப்போது என்ன கேட்கிறீர்கள்? "அந்த ஆங் சொன்னது நீதானாடா?"

ரைட்டர், சொன்னது சொன்னபடி எழுதுங்கள்.

ஆங்.